பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

ஆரணிக்குப் போகிறவர்கள் இரண்டு சாமான் வாங்காமல் திரும்புவதில்லை. ஒன்று பட்டுப் புடைவை, மற்றொன்று அரிசி. சென்ற மாதம் நான் போயிருந்தபோது இரண்டையும் வாங்கவில்லை. போன மூன்று நாளும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்போது அணையப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்!

"இது என்ன கூத்து? கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் இருப்பான். ஒரு நாள் அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, முப்பத்தெட்டாயிரம் வேண்டும்" என்பான். அன்றைக்கு இந்தப் பக்கம் உபயோகப்படும்.

ஆரணியில் இருப்பது என் பெரியம்மா மகள். வீட்டில் நுழைந்தவுடன் கூடத்தில் ஒரு குழித்தறி. அதன் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் துளை போட்ட அட்டைகள். அக்காளின் மாமனார் ஐம்பது வருஷம் அந்தத் தறியில் உட்கார்ந்தவர். இப்போது கண் சரியில்லாததால் அத்திம்பேர் நெய்ய, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிக்கிறார். பின்கட்டு அறையில் அக்காள் மகனுடைய கம்ப்யூட்டர். சாயங்காலத்தில் அதில் சண்டை விளையாட்டு. பகலில் அதே பெட்டியில்தான் பார்டருக்கும் முந்தானைக்கும் டிஸைன் போடுகிறான். முன்பெல்லாம் கட்டம் போட்ட காகிதத்தில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் நிரப்புவார்கள். இப்போது அதே கட்டங்கள் திரையில். இரண்டு மூன்று கடைக்காரர்கள் அவனிடம் வேலை கொடுக்கிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மூளை கணக்குப் போடும் குமாஸ்தா. படம் வரைவது வேறு ஆளுடைய வேலை. விளையாட்டில் விநாடிக்கு 60 படம், 100 படம் என்று புதிது புதிதாக வரைந்து தள்ள வேண்டும். அந்த ஓவியன்தான் இந்தக் கார்டு. விளையாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் மற்ற எல்லாச் சாமானையும்விட விலை அதிகம் அதற்குத்தான். சாப்பாடும், அதாவது மின்சாரமும், அதற்குத்தான் அதிகம்.

சங்கதி இதுதான். விளையாட்டு ஆரம்பித்துப் பத்து நிமிஷம், சில நாள் இருபது நிமிஷம். திடீரென்று திரை இருண்டு, பெட்டி முழுவதும் அணைந்து, தானாகவே மறுபடி கிளம்புகிறது. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கார்டு அவுட். புதுசு போடணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்காளிடம் பணம் இல்லாமல் இல்லை. இரண்டாவது பெண்ணை நர்ஸிங் கல்லூரியில் சேர்ப்பதற்காகக் கட்டிவைத்த பணம். அதில் கை வைப்பதா, வேண்டாமா? கார்டு இல்லாவிட்டால் பையன் டிஸைன் வேலை நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. நான் போன வெள்ளிக்கிழமை அவள் முகத்தில் களையே இல்லை.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன்டா, புடைவை போடறப்பயும் நிக்குதா?" என்றார்.

"இல்லே தாத்தா. விளையாடறப்ப மட்டும்தான்."

"அப்போ இன்னாத்துக்குடா கார்டு செத்துப்போச்சுன்றே? செத்தவன் பகல்ல மட்டும் எழுந்து வேலை செய்வானா?"

பிறகு என் பக்கம் திரும்பித் தறிக் கணக்கு ஒன்று சொன்னார். அதை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டேன். துணியில் ஒரு தப்பு விழுகிறது. அந்தத் தப்பு ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் அட்டையில். நீளவாட்டில் ஒரே கோடாகப் போனால் பாவிலோ அச்சிலோ குற்றம். குறுக்கே பட்டையாக விழுந்தால் ஊடையில். ஒரு ஒழுங்கும் இல்லாமல் அங்கும் இங்கும் விழுந்தால் நெய்கிறவன் கையில்! "தப்பைப் பார்க்காதம்மா, தப்பு எப்படி வருதுன்னு பாரு" என்றார்.

கம்ப்யூட்டருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, பெட்டி ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தால், அந்த விளையாட்டையோ, டிரைவர் என்ற மென்பொருளையோ, மெமரியையோ சந்தேகிக்கலாம். திரை ஒரு கணம் இருண்டு, பிறகு திரும்பி வந்தால், கார்டு பதில் சொல்லத் தாமதித்துவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக 2 விநாடிதான் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். பிறகு டிரைவரைத் தட்டி எழுப்பிவிடும். கம்ப்யூட்டரைப் போட்டவுடனேயே, விளையாடாதபோதும் கலர் கலராகப் புள்ளியும் கோடும் தெரிந்தால், கார்டே நோயாளி என்று பயப்படலாம். ஆனால் பெட்டி முழுவதும் பொத்தென்று அணைந்து மறுபடி கிளம்பினால்? முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு சூட்டை.

பையனுக்கு நடந்தது இந்தக் கடைசி ரகம். இருந்தாலும் ஒன்றையும் விடாமல் பார்ப்பது என்று உட்கார்ந்தோம். விண்டோஸ் தனக்குத் தானே ஒரு நாட்குறிப்பு எழுதிவைக்கிறது. 'ஈவென்ட் வியூவர்' என்று பெயர். அதைத் திறந்தோம். டிரைவரைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. ஒழுங்காக மூடப்படாமல் நின்றுவிட்டது என்ற ஒரே வாசகம்தான் ஒவ்வொரு நாளும்.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தோம். அடாடா! உள்ளே பட்டுப் பஞ்சும் தூசியுமாக ஒரு சிறு மெத்தையே இருந்தது. தறியிருக்கும் வீடல்லவா? காற்று புகும் இடமெல்லாம் அடைத்துக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, கை ப்ளோயரால் ஊதினோம். விசிறியைக் கண்டபடி சுழலவிட்டால் அதுவே கெட்டுப்போகும். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனர் கூடாது. அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. ஊதி முடித்து விளையாடச் சொன்னோம். முன்பு 86 டிகிரி வரை ஏறிக்கொண்டிருந்த கார்டின் சூடு 74-இல் நின்றது. பையன் முகம் மலர்ந்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் பெட்டி அணைந்தது!

டிரைவரை வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். பலனில்லை. வீட்டு இன்வெர்ட்டர் லயனிலிருந்து கழற்றி நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டினோம். சில இன்வெர்ட்டர்கள் கொடுக்கும் கரடுமுரடான கரண்டு இந்தப் பெட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதிலும் பலனில்லை.

அக்காள் வாசற்படியில் உட்கார்ந்து, "கார்டுதான்டி. அந்த ஆள் சொன்னது சரிதான். எத்தனை நாள் இழுக்கிறது?" என்றாள்.

அப்போது அவளுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கட்டுக்கதை அல்ல. 2024-ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில் உலகமெங்கும் விளையாட்டுக்காரர்கள் அலறினார்கள். விளையாட்டு நின்றுபோகிறது, 'வீடியோ மெமரி போதவில்லை' என்று திரையில் அறிவிப்பு வருகிறது. வீடியோ மெமரி இருப்பது கிராபிக்ஸ் கார்டில் அல்லவா? கார்டைத் திட்டினார்கள், கழற்றி மாட்டினார்கள். ஏப்ரல் மாதம், கார்டு செய்யும் என்விடியா கம்பெனி, இந்த உபத்திரவம் உள்ளவர்கள் இன்டெல் கம்பெனியைக் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டது. கடைசியில் பார்த்தால் இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மூளைகளில் சில, வேண்டியதற்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தங்களைத் தாங்களே கெடுத்துக்கொண்டிருந்தன! ஜூலையில் இன்டெல் காரணத்தைச் சொல்லி, ஆகஸ்டில் திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. அதுவரை கார்டின் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

கார்டுகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் வாதிக்க வரவில்லை. 2021 ஜூலையில் 'நியூ வேர்ல்ட்' என்ற விளையாட்டின் வெள்ளோட்டத்தில் விலையுயர்ந்த கார்டுகள் சில செத்தே போயின. விளையாட்டின்மேல் எல்லோரும் பாய்ந்தார்கள். அவற்றைச் செய்த ஈ.வி.ஜி.ஏ. கம்பெனி, திரும்பி வந்தவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பற்றவைத்ததில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டது. 2022 அக்டோபரில் வேறொரு கதை: புதிய பெரிய கார்டுகளின் கரண்டு வயர் முனை உருகியது. உலகம் முழுவதும் சுமார் 50 புகார் வந்ததாகவும், முனையை முழுவதும் அழுத்திச் செருகாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்றும் என்விடியா நவம்பரில் சொன்னது.

"செருகினது சரியா இருக்கா, பார்த்தியாடா?" என்றாள் அக்காள், இதைக் கேட்டதும்.

அங்கேதான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. கார்டில் கரண்டு வாங்கும் வாய் இரண்டு. இரண்டு வாய்க்கும் தனித்தனி வயர் போவதுதான் உத்தமம்; ஒரு வாய்க்கு 150 வாட் என்று கணக்கு. இங்கே ஒரே வயர், அதன் நுனியில் இரண்டு தலை! அந்த ஒரு வயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பவர் சப்ளை பெட்டியிலிருந்து. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதன் மேலே 450 வாட் என்று எழுதியிருந்தது. இந்தக் கார்டுக்குக் கம்பெனி சிபாரிசு செய்வது 650 வாட். கார்டு சராசரியாக உண்பது 220 வாட்தான்; ஆனால் விளையாட்டில் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான ஒரு நொடித்துளியில் அதற்கு வெகு மேலே தாவும். சோனியான சப்ளை அந்தத் தாவலைத் தாங்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை விரித்துவிடும். பெட்டி அணையும். டிஸைன் போடும்போது கார்டுக்குப் பசியே இல்லை. அதனால் பகலெல்லாம் சாது.

செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கார்டு இத்தனைக்கு மேல் கரண்டு எடுக்கக் கூடாது என்று மென்பொருளிலேயே அளவு வைக்கலாம். 70 சதவீதம் என்று வைத்தோம். விநாடிக்கு 60 படத்துக்கு மேல் வரையாதே என்றும் கட்டளை. சனிக்கிழமை இரவு இரண்டரை மணி நேரம் விளையாடினான், பெட்டி அசையவில்லை. எனக்கு உற்சாகம், பெரியவருக்கு இல்லை. "நோஞ்சானும் பாரம் கொறைச்சா நடப்பான்" என்றார். வாஸ்தவந்தான். கார்டே பலவீனமாக இருந்தாலும் இப்படி நடக்கலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தோழன் ஒருவனிடமிருந்து 650 வாட் சப்ளையை இரவல் வாங்கி வந்தான். ஒரு எச்சரிக்கை: சப்ளையை மாற்றும்போது பழைய சப்ளையின் வயரைப் புதியதில் செருகக் கூடாது. முனை பொருந்துகிறதே என்று ஏமாந்தால் உள்ளே கம்பி வரிசை மாறியிருந்து, மற்ற சாமான்கள் கருகிவிடும். சப்ளைப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் அடிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டு தனி வயர் மாட்டி, அளவுக் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு, கார்டை முழு வேகத்தில் ஓட்டினோம். நாலு மணி நேரம். அணையவில்லை. திங்கட்கிழமையும் அணையவில்லை.

எல்லோருக்கும் சந்தோஷம். பையனை மட்டும் காணோம்! மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தான். "சித்தி, அம்மாகிட்டே நீங்களே சொல்லிடுங்க" என்றான். என்ன சொல்வது? மூன்று வருஷத்துக்கு முன் பெட்டி வாங்கும்போது, நல்ல சப்ளை ஏழாயிரம் என்று அக்காளிடம் கணக்குச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறான். இரண்டாயிரத்துக்கு ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, மிச்சம் ஐயாயிரத்தைச் சேர்த்து, சென்னை ரிச்சி தெருவில் இன்னும் பெரிய கார்டாக வாங்கிவிட்டான். அணைய ஆரம்பித்த முதல் நாளே அவனுக்குச் சந்தேகம். கார்டு போய்விட்டது என்று பழுதுபார்ப்பவர் சொன்னபோது, மறுத்துப் பேச வாய் வரவில்லை.

நான் சொல்லவில்லை. "நீயே போய்ச் சொல்லடா" என்றேன். சொன்னான். அக்காள் நெய்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். "முப்பத்தெட்டாயிரத்தை நான் எடுத்துக் கொடுத்திருந்தா, வாங்கியிருப்பியா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. பெரியவர் இருமிக்கொண்டு ஜக்கார்டு அட்டையை எண்ண ஆரம்பித்தார்.

அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு வேறு நினைப்பு ஓடியது. துளை போட்ட அட்டை சொல்கிறபடி பூ நெய்யும் இந்த யந்திரத்தை 1804-இல் பிரான்ஸ் தேசத்தில் ஜக்கார்டு அமைத்தார். அதே அட்டை யோசனையைத்தான் பாப்பேஜ் தம் கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல அந்த யந்திரம் கணிதத்தை நெய்யும் என்று 1843-இல் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி எழுதினாள். ஆக, கூடத்தில் இருப்பதும் பின்கட்டில் இருப்பதும் ஏதோ ஒரு வகையில் பங்காளிகள்!

புதிய சப்ளைக்கு ஏழாயிரத்து இருநூறு ஆயிற்று. அக்காள்தான் கொடுத்தாள், கடனாக. டிஸைன் கூலியிலிருந்து மாதம் எண்ணூறு ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நர்ஸிங் கல்லூரிப் பணம் கட்டியாகிவிட்டது. நேற்று டெலிபோனில் கேட்டேன். பெட்டி ஒழுங்காக ஓடுகிறதாம். முதல் தவணை வந்துவிட்டதாம். ஐம்பது ரூபாய் குறைவாக.