நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்



தாராபுரத்து உறவுகளே, இது நீளமான பதிவு. வீட்டில் கோழி வளர்க்கும் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் முகநூல் இல்லையென்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக நம் வட்ஸ்அப் குழுக்களில் கோழி விளம்பரம்தான். "அசல் கருங்கோழி." "நிறம் பார்த்துப் பிரித்த பேட்டுக் குஞ்சு." "நீலச் சோடி, குஞ்சும் நீலமாகவே பொரிக்கும்." விலையோ ஊர்க்கோழிக் குஞ்சின் விலையைப் போலப் பல மடங்கு. தையல் காசு, சீட்டுக் காசு என்று சிறுகச் சேர்த்த பெண்கள்தான் வாங்குகிறார்கள். விற்கிறவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். இந்த மூன்று பேச்சையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, கருங்கோழி. மத்தியப் பிரதேசம் ஜாபுவாப் பகுதியின் கடக்நாத் இனம் அது. 2018 இல் இந்தியாவில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு இறகு மட்டுமல்ல, தோல், நாக்கு, இறைச்சி எல்லாமே கறுப்பு. இறகின் கறுப்பையும் தோலின் கறுப்பையும் தருவது வெவ்வேறு பரம்பரையலகுகள். ஆகவே கறுத்த இறகுள்ள நம் ஊர்ச் சேவல் கருங்கோழி ஆகாது. வியாபாரி சொல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. தோலைக் கறுப்பாக்கும் பரம்பரையலகு ஆட்சியுடையது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். அசல் சேவலை ஊர்ப் பேட்டோடு விட்டால் கிடைக்கும் கலப்புக் குஞ்சுகளில் பலவும் கறுத்த தோலோடு வரும். அதை "அசல்" என்று விற்கலாம். வாயைத் திறந்து நாக்கைக் காட்டினாலும் அது சாட்சி ஆகாது. அந்தக் கலப்பை மறுபடி ஊர்க்கோழியோடு சேர்த்தால், குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிக்கு அந்தக் கறுப்பு போய்ச் சேராது. அப்போது விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

இரண்டாவது, நிறம் பார்த்துப் பிரித்த பேட்டுக் குஞ்சு. இது பொய் இல்லை, ஆனால் நிபந்தனையோடுதான் உண்மை. இங்கிலாந்தின் லைட் சசெக்ஸ் கோழிக்கு வெள்ளை உடம்பு, கழுத்திலும் வாலிலும் கறுப்பு. அந்த வெள்ளி நிறத்தின் பரம்பரையலகு, ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பேடு அந்த நிறமூர்த்தத்தைத் தன் ஆண் குஞ்சுக்கு மட்டுமே கொடுக்கும். பெண் குஞ்சுக்கு அது தகப்பனிடமிருந்துதான் வரும். ஆகவே ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பேட்டோடு சேர்த்தால், ஆண் குஞ்சு வெளிர் நிறம், பெண் குஞ்சு பழுப்பு. பொரித்த அன்றே பிரிக்கலாம். முதலாம் உலகப் போரில் தீவனம் தட்டுப்பட்டபோது, ஆண் குஞ்சுகளை முதலே பிரிக்க இந்த வழியைச் சொன்னவர் ரெஜினால்ட் பனட் என்ற விஞ்ஞானி. இன்றைய பழுப்பு முட்டைக் கோழிகளில் பலவும் இதே முறையில்தான் உருவாக்கப்படுகின்றன.

ஆனால் சேவலையும் பேட்டையும் இனம் மாற்றிச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் வெளிர் நிறமே. முறையாகப் பிரித்த குஞ்சுகளை வளர்த்து அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்தாலும், அடுத்த தலைமுறையில் ஆணிலும் பெண்ணிலும் இரண்டு நிறமும் கலந்து வரும். ஒரே ஒரு தலைமுறைக்குச் செல்லும் அடையாளம் இது. தாய் தகப்பன் எந்த இனம் என்று சொல்லத் தெரியாதவர் கூடையில் பழுப்புக் குஞ்சை மட்டும் அடுக்கி "எல்லாம் பேடு" என்றால், அது வெறும் வாய்ப்பேச்சு.

மூன்றாவது, நீலச் சோடி. நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் சராசரியாக நான்கில் இரண்டுதான் நீலம். ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி விழுந்த வெளிர் நிறம். எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமென்றால் கறுப்பையும் அந்த வெளிர் கோழியையும் சேர்க்க வேண்டும். "நீலத்துக்கு நீலமே பிறக்கும்" என்கிறவருக்கு ஒன்றில் கணக்குத் தெரியாது, இல்லையென்றால் நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சாதாரண தர விஞ்ஞானத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்த பிள்ளை நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. மெண்டலின் விதி விலங்குக்கும் பொருந்தும் என்று 1902 இல் வில்லியம் பேற்சன் காட்டியதே கோழிக் கொண்டையை வைத்துத்தான். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறக்கிற பாடத்தை, உம்மா காசு கொடுக்கும் இடத்தில் பயன்படுத்தாவிட்டால் எதற்கு அந்தப் பாடம்?

"கோழி விசயத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்பார்கள். 1990 இல் நம் பெற்றோர் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளம் போனவர்கள். திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தொடங்கினோம். 2022 இல் தீவனம் இல்லாமல் பண்ணைகள் திணறின. 2023 இல் நாடே இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. அந்த நாட்களில் முற்றத்துக் கோழி இருந்த வீட்டில் பிள்ளையின் தட்டில் முட்டை இருந்தது. அந்தக் கோழிக்கு என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை.

நம் கண்ணும் பழுதாகித்தான் இருக்கிறது. மொட்டைக் கழுத்துக் கோழியைக் கண்டால் "அவலட்சணம்" என்று முதலில் அறுக்கிறோம். அந்தப் பரம்பரையலகு ஒன்று இருந்தால் இறகு ஏறக்குறைய 20 சதவீதம் குறையும், இரண்டு இருந்தால் 40 சதவீதம் வரை குறையும். உடம்புச் சூடு இலகுவாக வெளியேறும். மன்னார் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கோழி எது? வடிவில்லை என்று அதை அறுத்துவிட்டு, குளிர்தேசத்துக் கோழியைப் படத்தில் பார்த்து முற்பணம் அனுப்புகிறோம்.

"நிறம் அல்லாஹ் கொடுப்பது, அதில் என்ன ஆராய்ச்சி" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சூரா ஃபாத்திர் 27, 28 ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். கனிகள், மலைகள், மனிதர்கள், கால்நடைகள் என்று நிறங்களின் வேறுபாட்டைச் சொல்லிய கையோடு அங்கே பேசப்படுவது அறிவுடையவர்களைப் பற்றி. நிறத்தைப் படிப்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமான வேலை இல்லை.

குஞ்சு வாங்கப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். தாயும் தகப்பனும் எந்த இனம், காட்ட முடியுமா? இது எத்தனையாவது தலைமுறை? தாய்ப்பேடு எத்தனை முட்டை இட்டது, அடை கிடந்ததா? பதில் இல்லையென்றால் திரும்பி வாருங்கள். வாழ்வாதார உதவி என்று பழுப்புக் கோழி கொண்டுவந்து தருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். அந்தக் கலப்பினம் நன்றாக முட்டையிடும், ஆனால் பெரும்பாலும் அடை கிடக்காது. அதன் குஞ்சுகளும் தாயைப் போல வராது. இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, பிறகு "இவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று யாரும் நம் பெண்களைக் குறை சொல்லக் கூடாது.

நல்லா முட்டையிட்டு, அடை கிடந்து, குஞ்சை நாய்க்கும் பருந்துக்கும் கொடுக்காமல் வளர்த்தெடுக்கிற பேடு உங்கள் முற்றத்தில் இருந்தால், அதன் முட்டையை அடைக்கு வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் நாலு முட்டை கொடுங்கள். நம் ஊருக்கு வேண்டிய இனம் அதுதான், என்ன நிறமாக இருந்தாலும்.