பன்னிரண்டு கூடைகளும் ஒரு மலையும்



ஞாயிறு மாலையில் சங்கரன்கோவில் ரயில் நிலையத்திற்குச் சென்றால் நம் சபைப் பிள்ளைகள் பலரைப் பார்த்துவிடலாம். முதுகில் பையும் காதில் ஒலிக்கருவியுமாகப் பொதிகை விரைவு வண்டிக்காக நிற்பார்கள். விசைத்தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். பெற்றோரின் வாரக்கூலியில் படித்து, இன்று சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கண்டவர்கள் இவர்களுள் பலர். அதை எப்படி ஆளுவது என்று இவர்களுக்குச் சொல்லித்தர வீட்டில் ஒருவரும் இல்லை. சபையிலும் நாங்கள் சொல்லித்தரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர்களுள் ஒருவன் சென்ற மாதம் என் வீட்டிற்கு வந்தான். வயது 24. சம்பளம் 22,000 ரூபாய். கடன் 1,40,000 ரூபாய். நான்கு கைப்பேசிச் செயலிகள், ஒரு கடன் அட்டை, அறைத்தோழனிடம் வாங்கிய கைமாற்று. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, ஞாயிறு ஆராதனையையும் தவறவிடுவதில்லை. “எங்கே போச்சுன்னே தெரியல, ஐயா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

ஆறு மாதத்து வங்கிக் கணக்கை அவனுடைய கைப்பேசியில் இருவருமாக வரி வரியாகப் படித்தோம். எதற்குச் செலவாயிற்று என்பதைவிட எந்த நேரத்தில் செலவாயிற்று என்பதே என் கண்ணில் பட்டது. பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே. இரவு பத்தே முக்காலுக்குப் பிரியாணி. பதினொன்றரைக்கு ஒரு காலணி. அறைத்தோழர்கள் இரவுப் பணிக்குச் சென்றுவிட்ட வாரங்களில் தொகை இரட்டிப்பாகியிருந்தது. அவர்கள் அறையில் இருந்த வாரங்களில் வேறுவகைச் செலவு: கூட்டத்தோடு திரையரங்கு, யாரோ ஒருவனுடைய பிறந்தநாளுக்கு இவன் தந்த விருந்து. ஆக, தனியாக இருந்தாலும் செலவு. தனியாக இருக்கக்கூடாதென்று கூட்டத்தோடு போனாலும் செலவு. பிள்ளைக்குப் பணத்தைக் கையாளத் தெரியவில்லை என்று எண்ணித்தான் நான் அந்தக் கணக்கைத் திறந்தேன். மூடும்போது, ஓர் அறையில் தன்னோடு தான் அமர்ந்திருக்கத் தெரியாத பிள்ளை என்று எண்ணினேன்.

அவனைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அதே வயதில் மாலை ஆறு மணிக்குமேல் அறையில் தனியே இருக்க என்னாலும் இயன்றதில்லை. அன்று கைப்பேசி இல்லை. தேநீர்க் கடை இருந்தது. அந்தக் கடையின் பற்று நோட்டில் என் பெயருக்கு நேரே ஏறிய தொகையில் என் தேநீர் கால்வாசிதான். மீதி, என்னோடு அமர்ந்திருக்கச் சம்மதித்தவர்களுடையது. அந்தப் பாக்கியை என் தகப்பனார் வந்து தீர்த்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தீர்த்ததுதான் இன்றும் வலிக்கிறது.

யோவான் சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு மறுபடியும் படித்துப் பாருங்கள். ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாயின. நாம் பிரசங்கிப்பது வழக்கமாக அதோடு நின்றுவிடும். அதற்குப்பின் ஆண்டவர் செய்த இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். ஒன்றும் வீணாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சீஷருக்குச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நினைத்தால் மறுபடியும் பெருகச்செய்ய வல்லவர், சிந்தியதைப் பொறுக்கச் சொல்கிறார். அடுத்த காரியம்: ஜனங்கள் தம்மை ராஜாவாக்க வருகிறார்கள் என்று அறிந்து, அவர் தனியே மலைக்கு விலகிப்போனார். துணிக்கை பொறுக்கியதும் தனியே விலகியதும் ஒரே மாலையில் நடந்தவை. கூட்டம் மிகவும் விரும்பிய வேளையிலேயே அவர் கூட்டத்தைவிட்டு அகன்றார்.

தனித்திருத்தல் என்றவுடன் அது நமக்கு அந்நியமானது என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் பெயர்பெற்றிருப்பதே ஆடித்தபசால் அல்லவா? நம் விசுவாசம் வேறு. அந்த விழாவின் பொருளை விளக்குவது என் வேலையன்று. ஆயினும் லட்சம் பேர் கூடி நெருக்கியடித்துக் கொண்டாடும் அந்தத் திருநாளின் நடுவே இருப்பது, ஒருத்தி தனியே நின்று தவம் செய்த கதை. ‘தபசு’ என்ற சொல் நம் தெருவில் புழங்கும் சொல். அதற்குரிய பழக்கந்தான் நம்மிடம் அருகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தனிமை ஒரு நோயாகவே அழுத்துகிறவர்களுக்கு, வாழ்வதே பாரமாகத் தோன்றுகிறவர்களுக்கு, நான் இந்த ஆலோசனையைச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது மனிதத் துணை. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அல்லது என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், நேரம் பார்க்க வேண்டாம்.

பணத்திற்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவத் தாய்மார்கள் ‘பிடி அரிசி’ எடுத்துவைத்ததை உங்கள் பாட்டிமாரிடம் கேளுங்கள். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை முதலில் எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவிட்டு, அதன்பின்தான் சமைப்பார்கள். சமைத்து மீந்ததில் எடுத்ததில்லை; மீதியென்று ஒன்று அந்த வீடுகளில் இருந்ததுமில்லை. 1903-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, அந்நிய நாட்டுப் பணத்தை நாடாமல் நம் மக்களின் காணிக்கையாலேயே ஊழியம் நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அப்படித் தீர்மானிக்கும் துணிவை இவ்வகைப் பழக்கங்களே நம் முன்னோருக்குத் தந்தன என்பது என் எண்ணம். முதலில் ஒரு பிடி, பிறகு உலை. சேமிப்பைப்பற்றி இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பொருளாதார நூலிலும் படித்ததில்லை.

சம்பளம் வந்த நாளிலேயே ஒரு பிடி எடுத்துவையுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஐந்தாண்டு கட்டினால் நீங்கள் போட்டது 60,000, 6.7 விழுக்காடு வட்டியில் திரும்புவது ஏறத்தாழ 71,000. இது யாரையும் பணக்காரனாக்காது. ஆனால் தகப்பனாருக்கு நெஞ்சுவலி வரும் இரவில் எந்தச் செயலியையும் திறக்காமல் இருக்க அது போதும்.

அந்தத் தம்பியின் முதல் கடனைச் சொல்கிறேன். ஐந்தாயிரம் என்று காட்டிய செயலி, கட்டணம் என்று பிடித்துக்கொண்டு கையில் தந்தது 3,500. ஏழாம் நாள் ஐந்தாயிரத்தையும் திருப்பிக் கேட்டது. ஒரே வாரத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டுக்கும் மேல் வட்டி! நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர்கூட இதைக் கேட்டால் நாணுவார். ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, கட்டணங்கள் அனைத்தும் உட்பட ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்பதைக் கடன் தருமுன்னரே எழுத்தில் காட்டவேண்டும். உங்கள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கக்கூடாது. உறவினர்களுக்கு உங்கள் படத்தை அனுப்புவோம் என்று மிரட்டினால் பணத்தைக் கட்டி வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

வெட்கம்தான் கடனைவிடக் கொடியது. 2017 அக்டோபரில் கடையநல்லூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, கந்துவட்டித் தொல்லையால், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அழிந்துபோனதை நாம் மறந்துவிட முடியாது. இரண்டு சிறு குழந்தைகள் உட்பட நால்வர். அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே நம் மாநிலத்தில் இருக்கிறது. சட்டம் இருந்தும் நால்வர் போனார்கள். கடனில் சிக்கியவன் வாய்திறந்து சொல்லும்போது, சபையார் அவனைப்பற்றி ஊரெல்லாம் பேசாமல் இருந்தாலே பாதி ஊழியம் செய்தவர்களாவோம்.

கடனை ஒரே அடியில் தீர்த்துவிடலாம் என்று பங்குச்சந்தை ஊக வணிகத்தில் இறங்கும் பிள்ளைகளும் உண்டு. செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: மூன்று நிதியாண்டுகளில் அந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023–24-இல் ஈடுபட்டவர்களில் 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டமியற்றித் தடைசெய்துவிட்டது. அதைப்பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

இனி நான் சொல்வதால் சில ஊழியர்கள் என்மேல் வருத்தப்படலாம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை, கடன் வாங்கித் தசமபாகம் செலுத்தவேண்டாம். கடன் தீரும்வரை அவன் காணிக்கை பத்து ரூபாயாக இருக்கட்டும். பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கிவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. வட்டிக்காரனுக்குத் தரவேண்டியதை உண்டியலில் போடுவதும் ஏறக்குறைய அதுவே. ஆயிரம் விதைத்தால் பதினாயிரம் அறுக்கலாம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் பேசுவதும் ஊக வணிகந்தான். அங்கே நட்டத்தைக் கணக்கெடுக்கும் அமைப்புகூட இல்லை.

அந்தத் தம்பிக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் இரண்டே. சிறிய நோட்டு ஒன்றில் அன்றன்று செலவைக் கையால் எழுதுவது. வாரம் ஒருமுறை, ஒருமணி நேரம், கைப்பேசியை அறையில் வைத்துவிட்டு மொட்டை மாடியில் தனியே இருப்பது. ஜெபிக்கத் தோன்றினால் ஜெபிக்கட்டும். தோன்றாவிட்டால் வானத்தைப் பார்க்கட்டும். ஓர் உணவகத்தில் தனியே அமர்ந்து, எவருக்கும் படம் அனுப்பாமல், இரண்டு தோசையை ருசித்துத் தின்று வரும்படியும் சொன்னேன். முகத்தைச் சுளித்தான்.

சென்ற வாரம் பேசினான். நோட்டில் மூன்று நாள் எழுத மறந்துவிட்டானாம். தோசை நன்றாயிருந்ததாம். மாடியில் முதல் இருபது நிமிடம் கை தானாகச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்ததாம். அதன்பின் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தபோது, காரணமில்லாமல் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததாம். ஒருமணி நேரம் முடியுமுன்னரே கீழே இறங்கிப்போய் வீட்டிற்கு அழைத்திருக்கிறான்.

“என்னப்பா, காசு எதுவும் வேணுமா?” என்று எடுத்தவுடன் கேட்டார்களாம் அந்தத் தாய்.

“இல்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றானாம்.