சிறுநீரக நோயாளரும் பாலும்

சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பாலைக் குறைக்கும்படி வைத்தியர் கூறியதும் வீட்டார் திகைத்துவிடுகின்றனர். குழந்தைக்கும் கிழவருக்கும் ஏற்ற ஆகாரம் நோயாளருக்கு ஆகாதோ என வினவுகின்றனர். பாலில் குற்றமில்லை என்போம். அதிலுள்ள பொசுபரசை முற்றாய் வெளியேற்றும் வலிமை தளர்ந்த சிறுநீரகத்திற்கு இல்லை. அது இரத்தத்தில் தேங்கினால் தோல் அரிக்கும். எலும்பிலிருந்து கல்சியம் கரையும். ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 230 மில்லிகிராம் பொசுபரசு உண்டு. நாளொன்றுக்கு 800 முதல் 1000 மில்லிகிராம் வரையே பலருக்கு விதிக்கப்படுகிறது. சரியான அளவை இரத்தப் பரிசோதனை கண்டே வைத்தியர் குறிப்பார்.

ஆகவே, பால்மாவைத் தடிப்பாய்க் கரைத்து நாளுக்கு மும்முறை தேநீர் அருந்தும் நம்மவர் வழக்கமே முதலிற் கவனிக்கத்தக்கது. ஒருவேளை போதும், மற்றவேளை வெறுந்தேநீர் அருந்துவதில் இழுக்கொன்றுமில்லை. எருமைத் தயிரோ பசுப்பாலினும் செறிவானது. மட்டக்களப்பார் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்: சட்டியை எதிரே வைத்துக்கொண்டு அமர்தல் தகாது. நீர் பெருக்கிய மோர் நன்றே, ஆயினும் உப்பிடலாகாது. நீரை அளந்து அருந்துவோர் மோரையும் அக்கணக்கிற் சேர்க்கவேண்டும். கடையில் விற்கும் பதப்படுத்திய பாற்கட்டியை மாத்திரம் அறவே விலக்குக. அதிற் சேர்க்கப்படும் பொசுபேற்று உப்பு, பாலின் இயல்பான பொசுபரசைவிட எளிதாய் உடலிற் சுவறிவிடும்.