பழைய சோறு தின்கிறவன் பரீட்சை கேட்கக் கூடாதா?

பழைய சோற்றைக் குடித்துவிட்டு நாற்று நடப் போகிறவர்கள் நாம். அந்தச் சோற்றிலும் மோரிலும் மாவிலும் வளரும் கிருமிகளைப் பிரித்தெடுத்து, குப்பியில் அடைத்து, "குடலுக்கு நல்லது" என்று நமக்கே விற்கிறார்கள் மருந்து முதலாளிகள். விற்கட்டும். ஆனால், "சோதித்தீர்களா?" என்று கேட்டால், "தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் சாப்பிட்டதுதானே, சோதனை எதற்கு?" என்று ஒரு வாதம் கிளம்புகிறதே, அதைத்தான் விடப் போவதில்லை.

நீராகாரத்தில் பலவகைக் கிருமிகள் கலந்து கிடக்கின்றன. குடிப்பவனும் உழைக்கத் தெம்புள்ளவன். குப்பியிலோ பொறுக்கியெடுத்த ஓரிரு ரகம், கோடிக்கணக்கில். குடிப்பது யார்? வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் தொழிலாளி. சோற்றின் நற்பெயரைக் குப்பிக்குப் பட்டா எழுதிக்கொடுக்க இவர்கள் யார்? (சோற்றின் மேல் நமக்குச் சந்தேகமில்லை. நாளையும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம்.)

நெதர்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். கணையம் வீங்கிப் படுத்த நோயாளிகளில் 152 பேருக்கு லாக்டோபாசில்லஸ் முதலான 6 ரகக் கிருமிகளைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். 144 பேருக்குப் போலி மருந்து. 2008இல் முடிவு வெளிவந்தது. போலி மருந்து பெற்றவர்களில் இறந்தவர் 9 பேர். கிருமி பெற்றவர்களில் 24! குடலுக்கு ரத்தம் ஓடாமல் போனவர்கள் 9 பேர். அத்தனை பேரும் கிருமி பெற்றவர்களே. இத்தகைய நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று சோதனை நடத்திய டாக்டர்களே எழுதினார்கள். சோதிக்காமலே கொடுத்து வந்திருந்தால்? நோய் கொன்றது என்று கணக்கை முடித்திருப்பார்கள்.

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. ரத்தம் கலந்த தட்டில் வளர்த்து, ரத்த அணுக்களை உடைக்கிறதா என்று பார்ப்பது. விஷம் சுரக்கிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றிலும் முக்கியம், எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்பது. அடங்காத குணத்தைக் குடலிலுள்ள நோய்க்கிருமிக்குக் கைமாற்றிவிடும் கிருமிகளும் உண்டு. அப்புறம் நம் பிள்ளைக்கு ஊசி போட்டாலும் காய்ச்சல் இறங்காது. உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா.வின் உணவு விவசாய ஸ்தாபனமும் இதையெல்லாம் 2002இலேயே எழுதிவைத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2011இல் நெறிமுறை வெளியிட்டது.

ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு ரகத்தின் சான்றிதழ் அதன் பங்காளிக்குச் செல்லாது. அதற்குப் பணம் செலவாகும். செலவாகட்டுமே! விற்பவனிடம் கூலி வாங்கும் ஆள் மட்டும் சோதித்தால் போதாது. சர்க்கார் ஆய்வுக்கூடமும் சோதிக்கட்டும். முடிவைப் பூட்டிவைக்காமல், ரகத்தின் பெயரோடு தமிழில் குப்பியின் மேலேயே அச்சடிக்கட்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு இக்கிருமிகளால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்ததே, அந்த எச்சரிக்கையை நம் பிரசவ ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் ஒட்டட்டும்.