முதலில் அகதி, பிறகுதான் ஆட்டக்காரர்

விக்டர் மோசஸின் கதையைக் கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கலவரத்தில் அம்மா அப்பாவைப் பறிகொடுத்த நைஜீரியச் சிறுவன் அகதியாக லண்டன் வந்தான், பந்தை உதைத்தான், செல்சி அணிக்காக பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: இவரைப் போன்றவர்களைத்தான் நாடு வரவேற்க வேண்டும். எனக்குத் தொண்டையில் சிக்குவது இந்த வரி. அகதிகளை வெறுப்பவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. அகதிகளுக்காகப் பேசுவதாக நம்பும் முற்போக்காளர்களும் சொல்கிறார்கள்.

நடந்தவற்றை நடந்த வரிசையில் வைத்துப் பார்ப்போம்.

2002. வடக்கு நைஜீரியாவின் கடுனா. ஷரியா சட்டம் குறித்த தகராறில் 2000ஆம் ஆண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட ஊர் அது. கொன்றவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள், செத்தவர்களும் இரு பக்கமும் இருந்தார்கள். (இதைப் படித்ததும் 'பார்த்தீர்களா, முஸ்லிம்கள்' என்று கிளம்பக் காத்திருக்கும் நம்மூர்க் கூட்டத்துக்காக இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.) மோசஸின் அப்பா அங்கே ஒரு கிறித்தவப் போதகர். அம்மா சபை வேலைகளில் அவருக்குத் துணை. வீடு புகுந்து இருவரையும் கொன்றார்கள். அந்த நேரத்தில் பிள்ளை தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். நண்பர்கள் அவனை ஒளித்துவைத்தார்கள். ஒரு வாரத்தில் உறவினர்கள் பணம் போட்டு விமானம் ஏற்றிவிட்டார்கள். அப்போது அவன் வயது 11.

தெற்கு லண்டனில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் அவனை ஒப்படைத்தார்கள். பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். உனக்குப் பந்து உதைக்க வருமா என்று கேட்டுவிட்டு யாரும் அவனை உள்ளே விடவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம் ஒருவரை அகதி என்று ஏற்க ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல். இவற்றில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சுவதற்குத் தக்க காரணம் இருந்தால் போதும். திறமை அந்தப் பட்டியலில் இல்லை. மோசஸுக்குப் பாதுகாப்பு கிடைத்தது அவர் பெற்றோர் கொல்லப்பட்டதால். பின்னாளில் அவர் அடிக்கப்போகும் கோல்களுக்கான முன்பணமாக அது தரப்படவில்லை.

அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் 'திறமை' என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. அவனுடைய பள்ளி, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளூர் லீக் ஒன்றில் ஆடியவனை அந்தக் கிளப்பின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கிராய்டனில் உள்ள விட்கிஃப்ட் என்ற தனியார் பள்ளியில் அவனைச் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. செல்சிக்கும் ஆர்சனலுக்கும் ஆடிய காலின் பேட்ஸ் அங்கே பயிற்சியாளர். தேசிய அளவிலான பள்ளிக் கோப்பை இறுதிப் போட்டி ஒன்றில் அணியின் ஐந்து கோலையும் மோசஸே அடித்தார். சரி, அது அவர் கால். ஆனால் அந்தக் காலுக்குக் கீழே வீடு, வளர்ப்புப் பெற்றோர், பள்ளி, புல்தரை, பயிற்சியாளர் எல்லாம் இருந்தன. பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறான் என்பது முதலில் உறுதியானது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2007 நவம்பரில், 16 வயதில், கிரிஸ்டல் பேலஸின் முதல் அணியில் ஆடினார். 2010 ஜனவரியில் கிளப் கடனில் மூழ்கி நிர்வாகம் வேறு கைக்குப் போனது. அந்த நெருக்கடியில் அவரைச் சுமார் 25 லட்சம் பவுண்டுக்கு விகான் அத்லெடிக்குக்கு விற்றார்கள். 2012இல் செல்சி வாங்கியது. அங்கே முதல் ஆண்டு முடிந்ததும் லோன் வாழ்க்கை தொடங்கியது: லிவர்பூல், ஸ்டோக் சிட்டி, வெஸ்ட் ஹாம், ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெட்டி, ஒரு ஊர். மறந்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

2016இல் அன்டோனியோ கான்டே வந்தார். செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்ற பிறகு அணியின் அமைப்பையே மாற்றினார். மூன்று பேர் கடைசித் தடுப்பில், இரண்டு ஓரத்திலும் மைதானம் முழுக்க ஓடும் ஆட்கள். முன்வரிசையில் ஆடிப் பழகிய மோசஸை வலது ஓரத்துக்கு விங்-பேக்காக அனுப்பினார். தாக்கவும் வேண்டும், திரும்பி ஓடித் தடுக்கவும் வேண்டும். அணியிலேயே மிகக் கூடுதலான ஓட்டம் கேட்கும் இடம் அது. செல்சி தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்றது, 2017 மே மாதம் சாம்பியன் ஆனது. அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பட்டத்தில் பாதி அந்த வலது ஓரத்தில்தான் வெல்லப்பட்டது. (செல்சி ரசிகனாக இதில் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு.) அதே மாதம் எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில், பெனால்டி வாங்குவதற்காகத் தடுக்கி விழுந்ததுபோல நடித்தார். இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே போனார், அணி தோற்றது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் மாஸ்கோவின் ஸ்பார்டக் கிளப்பிலேயே தொடர்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அகதியாக இருந்தவர் புனிதராக வாழ்ந்து காட்ட வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியில்லை.

அடுத்து நன்றிக்கடன். மோசஸ் இங்கிலாந்தின் 16 வயதுக்குட்பட்டோர் அணி தொடங்கி 21 வயதுக்குட்பட்டோர் அணிவரை ஆடியவர். மூத்தோர் அணி என்று வந்தபோது நைஜீரியாவைத் தேர்ந்தெடுத்தார். 2011இல் ஃபிஃபா அனுமதித்தது. 2013 ஆப்பிரிக்கக் கோப்பையை நைஜீரியா வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெனால்டியில் கோல் அடித்தார். ஊட்டி வளர்த்தது ஒரு நாடு, ஆடுவது இன்னொரு நாட்டுக்கா என்ற கேள்வி இப்படிப்பட்ட ஒவ்வொருவரையும் துரத்தும். அந்த நாட்டில்தான் அவருடைய பெற்றோரைக் கொன்றார்கள், அந்த நாட்டில்தான் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றவும் செய்தார்கள். அந்த ஊர் தனக்கு என்ன என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். புகலிடம் தந்தவர்கள் அதற்கு விசுவாசத்தை விலையாகக் கேட்டால், அது பண்ணையார் களத்துமேட்டில் நெல்லை அளந்து போட்டுவிட்டுக் கும்பிடு எதிர்பார்ப்பதுபோலத்தான்.

இந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த புதிதில், ஒரு கருத்தரங்கு முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பேராசிரியர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "உங்களை மாதிரி ஆட்களுக்குக் கோட்டா கொடுத்தா யாருக்குத் தம்பி வருத்தம்?" பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். அறைக்குத் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. அந்த வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: உன்னை மாதிரி இல்லாத உன் அண்ணனுக்கும் தங்கைக்கும் கொடுத்தால் எங்களுக்கு வருத்தம்தான். அன்றைக்கு நான் நன்றாகக் கட்டுரை வாசித்தேன். வாசிக்காமல் சொதப்பியிருந்தால் அந்த இடம் என்னுடையது இல்லை என்று ஆகியிருக்குமா?

திறமையைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு பல்வங்கர் பாலுவை நினைவூட்ட வேண்டும். தலித் வீட்டில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். பூனாவில் இந்துக்களின் அணிக்கு அவர் பந்துவீச்சு தேவைப்பட்டது. ஆனால் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர், அவருக்கு வெளியே மண்குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகும் இந்துக்கள் அணியின் தலைமையை அவருக்குத் தரவில்லை. ஆட்டத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள், பந்திக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.

மோசஸின் கதையைச் சொல்பவர்கள் சைடோ பெராஹினோவின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. புருண்டி உள்நாட்டுப் போரில் அப்பாவை இழந்தவர். 10 வயதில் பிரிட்டன் வந்து பர்மிங்காமில் இருந்த அம்மாவோடு சேர்ந்தார். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் வளர்த்த ஆட்டக்காரர். 2014-15 பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல். அடுத்து இங்கிலாந்து அணிக்கு என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு சறுக்கினார். போதைப்பொருள் சோதனையில் சிக்கி எட்டு வாரத் தடை. ஸ்டோக் சிட்டிக்குப் போனார். 913 நாள் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த எண்ணிக்கையை நாள்காட்டி கிழிப்பதுபோல் பத்திரிகைகள் எண்ணிக்கொண்டிருந்தன. 2018இல் புருண்டிக்கு ஆடத் தேர்ந்தெடுத்து, 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் அந்த நாட்டின் கேப்டனாக நின்றார்.

இப்போது அந்தக் கடைசி வரியை பெராஹினோவிடம் சொல்லிப் பாருங்கள். 20 கோல் அடித்த ஆண்டில் அவர் வரவேற்கத்தக்கவர், 913 நாளில் இல்லையா? கோல் வராத நாளில் அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் அப்பா உயிரோடு எழுந்துவிட்டாரா?

அடைக்கலத்துக்குத் தகுதி பார்க்கும் வேலையில் நம் ஒன்றிய அரசு யாருக்கும் சளைத்ததில்லை. 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாட்டைக் குறித்து, ஆறு மதங்களைக் குறித்து, முஸ்லிம்களை விட்டது. இலங்கையையும் விட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் நாட்டுக்காக ஆட முடியாது என்று 2008இல் விளையாட்டு அமைச்சகம் விதி போட்டது. ஆக, மண்டபம் முகாமில் ஒரு மோசஸே பிறந்திருந்தாலும் அந்தப் பிள்ளையால் இந்திய அணிக்கு ஆட முடியாது. இதைச் சொல்லும்போதே எனக்குள் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது. 'பாருங்கள், எவ்வளவு திறமை வீணாகிறது' என்று வாதாடப் போனால் நானும் அந்தப் பேராசிரியராகிவிடுவேன். பந்தையே தொடாத பிள்ளைக்கும் அந்தக் கடவுச்சீட்டு வேண்டும்.

மோசஸை ஏற்றுக்கொண்ட பிரிட்டன் இன்று எங்கே இருக்கிறது? 2021 ஜூலையிலிருந்து தனியாக வந்த 4,600க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு ஓட்டல்களில் தங்கவைத்தது. அவர்களில் 200 பேரைக் காணவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வளர்ப்புக் குடும்பம் இல்லை, பக்கத்தில் பள்ளி இல்லை. பிறகு எந்தக் கிளப்பின் ஆள் வந்து இவர்களைக் கண்டுபிடிப்பான்? அந்த மார்ச் மாதம் அரசின் புதிய அகதிச் சட்ட முன்வரைவையும் அதைப் பேசிய மொழியையும் கண்டித்தார் முன்னாள் கால்பந்து வீரர் கேரி லினேக்கர். பிபிசி அவரை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்தியது. சக தொகுப்பாளர்களும் வர்ணனையாளர்களும் அவருக்கு ஆதரவாக விலகிக்கொண்டார்கள். அந்த வாரம் 'மேட்ச் ஆஃப் தி டே' பேச்சே இல்லாமல் 20 நிமிடம் ஓடியது. சில நாளில் அவரைத் திரும்ப அழைத்தார்கள்.

டோவர் நகருக்கு அருகே, தனியாக வரும் அகதிக் குழந்தைகளை முதலில் அழைத்துவரும் மையத்தில், மிக்கி மவுஸ் முதலான சித்திரங்கள் சுவரில் வரையப்பட்டிருந்ததைக் குடிவரவு அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் பார்த்தார். வரவேற்பு கூடுதலாகத் தெரிகிறது என்று அவற்றின் மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னதாக ஜூலையில் செய்தி வந்தது. நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அங்கே வருபவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதினர், அந்தப் படங்கள் அவர்கள் வயதுக்குப் பொருந்தாதவை என்றார். மோசஸ் வந்து இறங்கியபோது அவருக்கு இன்னும் பன்னிரண்டு ஆகியிருக்கவில்லை.