விடாமுயற்சி எண்டு சொல்லிக் கடக்காதேங்கோ



2025 ஜனவரியில் கேசி ஸ்டோனியைக் கனடாப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுநராக அறிவித்த அன்று, எங்கட வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழர் எழுதியிருந்தார்: "விடாமுயற்சி இருந்தால் பெண்ணால் முடியாதது ஒண்டுமில்லை." கீழே வரிசையாக இதயக்குறிகள். நானும் ஒண்டு போட்டனான். அதை இப்ப திருப்பி எடுக்கிறன். ஸ்டோனியின்ர கதையை ஒழுங்காச் சொன்னால் அதில் அவவின்ர விடாமுயற்சியை விட முதலாளிமார்தான் கூட வருவினம்.

இங்கிலாந்துக்காக 130 ஆட்டங்கள் ஆடிய பின்கள வீராங்கனை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணியின் தலைவி. இதெல்லாம் எல்லா அறிமுகக் குறிப்பிலும் இருக்கு. 2007 மட்டும் ஒரு வரியில் போய்விடும்.

அந்த வருசம் அவ சார்ல்ட்டன் பெண்கள் அணியின் தலைவி. 2005இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற அணி, 2007இலும் இறுதியாட்டம் வரை போனது. அதே மே மாதம் சார்ல்ட்டன் ஆண்கள் அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. தோத்தது ஆண்கள். கழகம் செலவைக் குறைக்கக் கலைத்தது பெண்கள் அணியை. பிறகு வேறு பணத்தில் அணி உயிர் பிழைத்தது, ஆனால் ஸ்டோனியும் மற்றவர்களும் அதற்குள் போய்விட்டினம். நட்டம் ஒரு பக்கம், தண்டனை இன்னொரு பக்கம். எங்கட வேலையிடங்களில் நடக்கிற ஆட்குறைப்பை இதைவிடச் சுருக்கமாக விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது.

"பெண்கள் ஆட்டத்தில காசு வராது, அதுதான்" எண்டு சொல்ல ஒருவர் எப்பவும் இருப்பார். 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தவை. அடுத்த வருசம் டிசம்பர் 5ஆம் திகதி எஃப்.ஏ. தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. தடை ஐம்பது வருசமளவு நீடித்தது. வந்த சனத்தைத் துரத்திவிட்டு, பிறகு சனம் வரேல்லை எண்டு கணக்குக் காட்டினால் எப்பிடி? ஸ்டோனியோட இங்கிலாந்துக்கு ஆடிய அலெக்ஸ் ஸ்காட், ஆர்சனலில் ஆடின காலத்தில் ஆண்கள் அணியின் உடுப்புத் தோய்க்கிற இடத்திலும் வேலை செய்தவ. சந்தை தானாகப் போட்ட விலை இல்லை இது.

2018இல் ஸ்டோனி மான்செஸ்டர் யுனைட்டெட் பெண்கள் அணியின் முதல் பயிற்றுநரானார். முதல் எண்டால் என்ன பொருள்? கிளேசர் குடும்பம் கழகத்தைக் கடன்வாங்கி வாங்கின 2005ஆம் ஆண்டுதான் அங்கே பெண்கள் மூத்தோர் அணி கலைக்கப்பட்டது. பதின்மூன்று வருசம் உலகின் பணக்காரக் கழகங்களில் ஒண்டிடம் பெண்கள் அணி இல்லை. ஒண்டுமில்லாத இடத்தில் ஸ்டோனி முதல் பருவத்திலேயே 20 ஆட்டத்தில் 98 கோல் அடிக்கும் அணியைக் கட்டி மேல்நிலை லீக்குக்கு ஏத்தினா. 2021 மேயில் விலகினா. பயிற்சி வசதிகள் குறித்த அதிருப்தி பற்றி அப்போதே செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கோ: 2024 மேயில் அந்தப் பெண்கள் அணி எஃப்.ஏ. கிண்ணம் வென்ற நாளில், பங்குதாரர் ஜிம் ராட்கிளிஃப் ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் போனார். ஆண்களின் பயிற்சிக் கட்டடத்தைத் திருத்த வேண்டி வந்தபோது, பெண்களின் கட்டடத்தை ஆண்களுக்குக் கொடுத்துப் பெண்களைத் தற்காலிக அறைகளுக்கு அனுப்பினவை.

சான் டியாகோவிலும் இதே கணக்கு. புது அணி, 2022இல் ஸ்டோனி லீக்கின் சிறந்த பயிற்றுநர், 2023இல் அணி புள்ளிப்பட்டியலில் முதலிடம். அணியை லீக்கில் சேர்க்க உரிமையாளர் கட்டின தொகை சுமார் 2 மில்லியன் டொலர் எண்டும், 2024இல் விற்பனைக்குப் பேசின விலை 113 மில்லியன் எண்டும் செய்திகள். அந்த வருசத் தொடக்கத்தில் அவவின்ர ஒப்பந்தத்தை நீடித்தவை, ஜூனில் வேலையை விட்டு நிப்பாட்டினவை. தொடர்ந்து வெல்லவில்லை, அது உண்மை. ஆனால் விலை ஏறினதில் பங்கு கேட்க ஒரு பயிற்றுநருக்கு எந்த வழியும் இல்லை, தோல்வி மட்டும் முழுசாக அவவின்ர பேரில்.

இப்ப எங்கட நாட்டுக்கு வாறன். கனடா உதைபந்தாட்டச் சங்கம் 2018இல் தன் விளம்பர, ஒளிபரப்பு உரிமைகளை, ஆண்கள் தொழில்முறை லீக் முதலாளிகளோட தொடர்புள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்கு வருடாந்த நிலையான தொகைக்குக் கொடுத்தது. 2021 ஒலிம்பிக் தங்கம் வென்ற பெண்களால் கூடின பெறுமதி ஆரின்ர பைக்குள் போனது எண்டு நீங்களே யோசியுங்கோ. 2023 பெப்ரவரியில் வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தவை. வழக்குப் போடுவம் எண்டு மிரட்டித் திரும்பக் களத்தில் இறக்கினது சங்கம். ஊதா நிறச் சட்டை போட்டு நிண்ட அந்தப் படம் எனக்கு எந்தத் தங்கப்பதக்கப் படத்தையும் விடப் பெரிசு. ஸ்டோனியைக் கொண்டாடுகிற எங்கட குழுவில் அந்த வேலைநிறுத்தம் பற்றி ஒரு செய்திகூட வரேல்லை. நான் பழசெல்லாம் தேடிப் பார்த்தனான்.

பயிற்றுநர் கதிரையில் ஒரு பெண் இருக்கிறா எண்டதால் அந்தக் கதிரையின் சொந்தக்காரர் மாறிவிடுவதில்லை. பிரதிநிதித்துவம் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, அதோட நிக்கக் கூடாது எண்டுதான் சொல்லுறன்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுறன் எண்டால், எனக்குப் பதின்மூண்டு வயதாக இருக்கேக்க இங்க ஒரு ஊர்ச்சங்க விளையாட்டு விழாவில பெண்பிள்ளைகளின்ர இறுதியாட்டத்தை இருபது நிமிசமாக வெட்டினவை. ஆண்கள் ஆட்டம் இழுபட்டுப் போச்சாம். அம்மா ஏற்பாட்டாளர் அண்ணாவிடம் கேட்கப் போனவ. "அக்கா, அடுத்த வருசம் பாப்பம்" எண்டார். இப்பவும் அந்த மைதானத்தின் நேர அட்டவணையை வகுக்கிற குழுவில் இந்த மடலை வாசிக்கிறவை மூண்டு பேராவது இருக்கிறியள். அடுத்த விழாவின் செலவுக் கணக்குக் கூட்டத்துக்கு நான் வாறன். மைதான நேரமும் நடுவர் காசும் பெண்கள் அணிகளுக்கு எவ்வளவு எண்ட கணக்கைக் கையில எடுத்துக்கொண்டு வாங்கோ.