பெயர்களே சாட்சி!

ஆண்டவன் ஒருவனே, தொடக்கமும் முடிவும் அற்றவன், அன்றுபோல் என்றும் மாறாதவன் என்று எபிரேய மறையை ஏந்தி நிற்போர் ஓதுகின்றனர். ஓதட்டும்! அம்மறை அவ்வாண்டவனுக்குச் சூட்டியிருக்கும் பெயர்களை நாம் கூண்டில் ஏற்றுகிறோம். நாம் தேடிப் பிடித்த சாட்சிகளல்ல அவை. குருமார் கண்ணிமைபோல் காத்துவைத்த சாட்சிகள்!

முதல் ஏட்டின் முதல் வரியிலே உலகைப் படைக்கும் 'எலோகிம்' பன்மைச் சொல். உடன் வரும் வினையோ ஒருமை. மரியாதைப் பன்மை என்பர் சமயவாணர். நன்று! அதே சொல் அதே மறையில் அயலார் வணங்கிய தெய்வக் கூட்டத்தையும் குறிக்கிறதே, அங்கும் மரியாதைதானா? 82ஆம் சங்கீதத்தில் தேவர்கள் நடுவே நின்று கடவுள் நியாயம் விசாரிக்கிறார். அவை ஒன்று இருந்ததென்றால் அவையினர் யார்?

'எல்' என்ற பெயரின் பிறப்பிடம் தேடுவோர் சிரியக் கடலோரம் செல்லவேண்டும். ராஸ் ஷம்ரா மேட்டை 1929இல் அகழ்ந்தபோது உகாரித் என்னும் பழம்பட்டினம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் எல் வீற்றிருக்கிறான். தெய்வங்களின் தந்தை, நரைத்த தாடியினன், அதிராத் என்னும் துணைவியை உடையவன். ஆதியாகமத்தில் சாலேம் அரசன் மெல்கிசேதேக்கு பூசை செய்வது 'எல் எலியோன்' என்னும் உயர்ந்த எல்லுக்கு. இஸ்ரவேல் என்ற பெயரே எல்லைத்தான் சுமக்கிறது, யாவேயை அல்ல! துணைவியும் தொடர்ந்து வந்தாளோ என்னவோ, சினாயில் குந்திலத் அஜ்ரூத் என்னுமிடத்தில் 1975-76இல் கிடைத்த சாடிகளில் 'சமாரியாவின் யாவே', 'தேமானின் யாவே' என்று ஊர்ப்பெயரோடும், பக்கத்தில் அசேராவோடும் கடவுள் எழுதப்பட்டிருக்கிறார். அசேரா தேவியா, தேவியின் சின்னமா என்று அறிஞர் வழக்காடுகின்றனர். எதுவாயினும், ஏகக் கடவுளுக்கு ஊர் அடையாளம் எதற்கு?

யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தில் கடவுளே வாக்குமூலம் தருகிறார்: ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் தாம் 'எல் ஷத்தாய்' என்றே தோன்றினாராம், யாவே என்ற பெயரை அவர்கள் அறியாராம். ஆதியாகமத்தைப் புரட்டுங்கள்! மகனைப் பலியிட ஏறிய மலைக்கே யாவேயின் பெயரை ஆபிரகாம் சூட்டுகிறார். எது மெய்? இம்முரணுக்கு விடை சொன்னவர் ஜான் அஸ்த்ரூக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். எலோகிம் என்று எழுதிய கை ஒன்று, யாவே என்று எழுதிய கை வேறொன்று, இரண்டையும் தைத்ததே இந்நூல் என்று 1753இல் காட்டினார். அந்நூலில் தம் பெயரைப் போடவில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ எலோகிம் 'தேவன்' ஆகிறார், யாவே 'கர்த்தர்' ஆகிறார். தையல் தெரிவதே இல்லை!

உபாகமம் 32ஆம் அதிகாரம் இன்னும் சுவையானது. உன்னதர் மக்களினங்களைப் பங்கிடுகிறார். யாவேக்கு யாக்கோபு பங்காகிறான். எத்தனை பங்கு? இஸ்ரவேல் புத்திரரின் எண்ணிக்கைப்படி என்கிறது வழங்கும் பாடம். 1947 முதல் கும்ரான் குகைகளில் வெளிவந்த சுவடித் துணுக்கு ஒன்றோ 'கடவுளின் புத்திரர்' என்கிறது. அதுவே மூலபாடம் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. பங்கிட்டவர் யார், பங்கு பெற்றவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும் என்று எவரோ அஞ்சியிருக்கிறார்.

பாகாலின் கதை இதனினும் வெளிப்படை. பாகால் என்றால் தலைவன், உடையவன். பாகாலை வணங்கினோர் மீது எத்தனை சாபம், எத்தனை கொலை! ஆனால் சவுல் மன்னன் தன் மகனுக்கு இட்ட பெயர் எஸ்பால், பாகாலின் ஆள். சாமுவேல் ஏட்டில் அவனே இஸ்போசேத், 'வெட்கத்தின் ஆள்'! தாவீதின் மகன் ஓரேட்டில் பெலியாதா, மற்றோரேட்டில் எலியாதா. 'இனி என்னைப் பாகால் என்று அழைக்கமாட்டாய்' என்னும் பொருளில் ஓசியாவின் கடவுள் பேசுகிறார். அதுவரை அழைத்தார்கள் என்பதுதானே அதன் பொருள்?

'சேனைகளின் யாவே' என்பது படைத்தலைவனின் பட்டம். 'எரிச்சலுள்ளவர்' என்பதே அவர் நாமம் என்று யாத்திராகமம் 34 கூறுகிறது. போட்டியாளர் இல்லாதவனுக்கு எரிச்சல் ஏன்?

இவற்றை எடுத்து யூத மக்களை இழித்துரைக்க வருவோர்க்கு நம் பக்கத்தில் இடமில்லை. அந்த வெறி 60 இலட்சம் உயிர் குடித்ததை நாம் மறவோம். நம் வழக்கு அதிகாரத்தோடு.

அந்த அதிகாரம் இப்பெயரைக் கொண்டு செய்ததைக் கேளுங்கள். லேவியராகமம் 24இல், எகிப்தியத் தந்தைக்குப் பிறந்த ஒருவன் சண்டையில் அந்த நாமத்தைத் தூஷித்தானாம். பாளையத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றனர். தாய் பெயர் செலோமித் என்று எழுதியிருக்கிறது. பாட்டன் பெயர் திப்ரி என்று எழுதியிருக்கிறது. கொல்லப்பட்டவன் பெயர் இல்லை! இக்கட்டளையின் நிழல் நெடுந்தூரம் நீண்டது. எடின்பரோவில் தாமஸ் ஐகன்ஹெட் என்னும் 20 வயது மாணவன், பழைய ஏற்பாட்டை எஸ்றாவின் கட்டுக்கதை என்றான் என்பது உள்ளிட்ட குற்றங்களுக்காக 1697இல் தூக்கிலிடப்பட்டான். ஸ்காட்லாந்தில் தெய்வநிந்தனைக் குற்றத்தை ஒழித்த சட்டம் நிறைவேறியது 2021இல்.